88 நாள்ல எழும்புன ஊரும் ஒரு அரிசி பாக்கெட்டும்: ஷான்லின் தா-ஐ கிராமம் போய்ட்டு வந்த கதை

மொதல்லயே சொல்லிடறேன், இது டூரிஸ்ட் ஸ்பாட் இல்ல. டிக்கெட் கவுன்ட்டர் கிடையாது, மேப்ல ஸ்டார் பாத்துட்டு கிளம்புனீங்கன்னா "இதுக்கா இவ்ளோ தூரம்"னு திட்டிட்டுதான் திரும்புவீங்க. ஆளுங்க குடியிருக்கற ஊரு. அதுக்கு எதுக்குடா ரிவ்யூன்னு கேட்டா, நான் அங்க போனதே ஒரு அரிசி பாக்கெட்டாலதான், அதனால அங்கருந்தே ஆரம்பிக்கறேன்.

நான் இருக்கறது தைவான்ல காவ்ஷியுங், தெக்குப் பக்கம். லேப்ல போஸ்ட்டாக். சைவம். இந்த ஊர்ல சைவமா இருந்தா புத்த மதத்துக்காரங்க கடைதான் கதி, போர்டுல "சூ"ங்கற எழுத்து இருந்தா கண்ண மூடிட்டு உள்ள போலாம், ஆனா வெங்காயம் பூண்டு எதுவுமே இருக்காது. அஞ்சு நாத்தப் பொருள் கூடாதுன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அந்தப் பழைய லிஸ்ட்ல நம்ம பெருங்காயமும் ஒண்ணு. சீன எழுத்துல அதோட பேரே "ஷிங்ச்சூ", ஹிங்குங்கற சமஸ்கிருதப் பேரு அப்டியே நடந்து போயிருக்கு. அம்மாகிட்ட போன்ல சொன்னேன், "பெருங்காயத்தையே வேணாம்னு சொல்றவங்க சாம்பார எப்டிடா வைப்பாங்க"ன்னாங்க. சாம்பாரே வைக்கமாட்டாங்கம்மான்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

சரி அரிசி. ஜிங்-ஸுன்னு ஒரு பிராண்ட், ட்ஸு ச்சிங்கற புத்த மதத் தொண்டு அமைப்போட கடைகள்ல கெடைக்கும். உள்ள வெந்து காஞ்ச அரிசி, கூட ஒரு மசாலாத் தூள். நான் வாங்குனது கறி ஃப்ளேவர் (வேற எத வாங்குவேன்). வெந்நீர் ஊத்தி மூடி வச்சா 20 நிமிஷத்துல சோறு. ஆனா இதுல விஷயமே என்னன்னா பச்சத் தண்ணி ஊத்துனாலும் ஆகும், ஒரு மணி நேரம் பக்கம் புடிக்கும், அவ்ளோதான். ஏன்னா இது ஹாஸ்டல் பசங்களுக்காக செஞ்ச சாமான் இல்ல. வெள்ளம் பூகம்பம் வந்து கரண்ட்டும் இல்ல கேஸும் இல்லங்கற எடத்துல ஆளுங்க வயித்துக்கு ஏதாவது வேணும்னு ஒரு பிக்குணி மடத்துல உருவாக்கினது. நானும் வேணும்னே பச்சத் தண்ணிலயே போட்டுப் பாத்தேன். சோறு சோறாத்தான் இருந்துச்சு, நடுவுல கொஞ்சம் வெறைப்பா, பழைய சோத்த ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த மாதிரி. நம்ம நாக்குக்கு உப்பும் காரமும் பத்தாது, அது அவங்க தப்பு இல்ல. ஒரு ஸ்பூன் நார்த்தங்கா ஊறுகா தொட்டுக்கிட்டா அஞ்சுக்கு நாலு, ஊறுகா இல்லன்னா மூணரை.

பாக்கெட்ட லேப்ல வச்சு சாப்டுட்டு இருந்தப்பதான் என் சீனியர் ஒரு அக்கா (இங்க "ஷுயே-ஜியே"ன்னு கூப்டணும், படிப்புல மூத்த அக்கான்னு அர்த்தம், நம்ம ஊரு மாதிரியே பேர் சொல்லிக் கூப்ட மாட்டோம்) அதப் பாத்துட்டு, "இத செஞ்சவங்க கட்டின ஊரு எங்க அம்மா ஊருக்குப் பக்கத்துலதான் இருக்கு, வர்றியா"ன்னு கேட்டாங்க. அவங்க அம்மா வழி ஜியாஷியன் பக்கம், மலை அடிவாரம்.

இந்த மடம் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், இல்லன்னா பின்னாடி சொல்றது புரியாது. கிழக்குக் கரைல ஹுவாலியன்ல இருக்கு, ஜிங்-ஸு மடம். செங் யென்னு ஒரு பிக்குணி 1966ல ட்ஸு ச்சிய ஆரம்பிச்சாங்க, கூட முப்பது வீட்டம்மாக்கள். ஆளுக்கு ஒரு மூங்கில் உண்டியல், மார்க்கெட் போறதுக்கு முன்னாடி தெனமும் ஐம்பது காசு அதுல போடணும். மடத்துல இருந்தவங்க கொழந்தைங்களுக்கு ஷூ தச்சு வித்தாங்க, ஆளுக்கு தெனம் ஒரு ஜோடி கூடுதலா தச்சு அந்தக் காச ஏழைங்களுக்குன்னு தனியா வச்சாங்க. இன்னிக்கும் மடத்துப் பிக்குணிங்க தங்களோட செலவுக்கு நன்கொடை எடுக்கறதில்ல, மெழுகுவத்தி தானியப் பொடின்னு ஏதாவது செஞ்சு வித்துதான் சாப்பாடு. ஒழைக்காத நாள்ல சோறு இல்லன்னு ஒரு பழைய ஜென் கட்டுப்பாடு. நம்ம ஊர்ல மடம்னா நெலமும் குத்தகையும் கேஸும் கண்ணு முன்னாடி வந்து நிக்கும், அதனால எனக்கு இத நம்பவே கொஞ்ச நாள் ஆச்சு. இப்ப அது ஒலகம் பூரா போற அமைப்பு, சுனாமிக்கப்புறம் இலங்கைல ஹம்பாந்தோட்டைல 600க்கு மேல வீடு கட்டிக் குடுத்தாங்க, குஜராத் பூகம்பத்துக்கப்புறம் அஞ்சார்லயும் கட்டுனாங்க. எங்கயாவது நீலச் சட்ட வெள்ள பேன்ட்ல வரிசையா ஆளுங்க மூட்டை தூக்கிட்டுப் போறதப் பாத்தீங்கன்னா அவங்கதான்.

இனி 2009. ஆகஸ்ட் 7ல மொராகோட் புயல் கரையேறுச்சு. காத்து பெருசா இல்ல, மழைதான் எமன். ஆலிஷான் மலைல நாலஞ்சு நாள்ல 2,500 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்க பேஞ்சாலே 1,400 சொச்சம்தான், அத வச்சு நெனச்சுப் பாருங்க. ஆகஸ்ட் 8 இங்க அப்பாக்கள் தினம், சீனத்துல எட்டு எட்டுன்னா "பா-பா", அப்பான்னு சொல்ற மாதிரி இருக்கும்ல அதனால. மலைக் கிராமங்கள்ல வெளியூர்ல வேல பாக்கற புள்ளைங்கல்லாம் அப்பாவப் பாக்க வந்திருந்த வாரக் கடைசி. 9ஆம் தேதி விடியக்காலம் ஷியாவ்லின் கிராமத்துக்குப் பின்னாடி இருந்த மலை அப்டியே சரிஞ்சு ஊரு மேல உக்காந்துடுச்சு. 460 பேருக்கு மேல. அக்கா இதச் சொன்னப்ப ஸ்கூட்டர ஓரங்கட்டிட்டு சொன்னாங்க, ஓட்டிக்கிட்டே சொல்லல.

அந்த ஊரு மட்டும் இல்ல, மேல நாமாஷியா, தாவ்யுவான், மாவ்லின்னு பழங்குடி ஊருங்க நெறைய ரோடு அத்துப்போய் ஹெலிகாப்டர்ல ஆளுங்கள எறக்குனாங்க. எறக்கி எங்க வைக்கறது? ஃபோ குவாங் ஷான்னு காவ்ஷியுங்ல ஒரு பெரிய புத்தர் கோயில், அங்க கொஞ்சப் பேரு, ராணுவ முகாம்ல கொஞ்சப் பேரு. அந்த மாசம் முடியறதுக்குள்ளயே பார்லிமென்ட்ல தனிச் சட்டம் போட்டாங்க, தற்காலிக ஷெட் வேணாம் நேரா நிரந்தர வீடுன்னு முடிவு. ட்ஸு ச்சியும் அதத்தான் சொல்லுச்சு. அரசாங்க சர்க்கரை கம்பெனியோட கரும்பு நெலம் காவ்ஷியுங்லயே ஷான்லின்ங்கற எடத்துல இருந்துச்சு, அங்க 2009 நவம்பர் 15ல வேல ஆரம்பிச்சு 2010 பிப்ரவரி 11ல, அதாவது சீனப் புத்தாண்டுக்கு மூணு நாள் முன்னாடி, 750 வீடு சொச்சத்துக்கு சாவி குடுக்க ஆரம்பிச்சாங்க. எண்ணிப் பாத்தா 88 நாள். அப்புறமும் கட்டி மொத்தம் ஆயிரத்தத் தாண்டிடுச்சு. அதான் இந்த தா-ஐ கிராமம். எங்க அப்பா ஒரு காம்பவுண்டு சுவருக்கு கொத்தனார் பின்னாடி அலஞ்சதே அதவிட அதிக நாள்.

போற வழி: காவ்ஷியுங்லருந்து சீஷானுக்கு பஸ் இருக்கு, வாழப்பழத்துக்குப் பேர் போன ஊரு, அங்கருந்து ஸ்கூட்டர். வாடகை வண்டில போறதா இருந்தா பிரேக்க ஒரு தடவ கடை வாசல்லயே புடிச்சுப் பாத்துருங்க, நான் பாக்காம எடுத்து ஒரு எறக்கத்துல அக்கா வண்டிய போய் முட்டி அவங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். எந்தக் கடைன்னு சொல்லப்போறதில்ல, பாக்காதது என் தப்பும்தான்.

ஊருக்குள்ள போன ஒடனே மனசுல பட்டது, ஒழுங்கு. ரொம்ப ஒழுங்கு. அகலத் தெரு, ரெண்டு மாடி வீடுங்க எல்லாம் ஒரே அச்சு, சாம்பல் கலர் கூரை. வீடு மூணு அளவு, குடும்பத்தப் பொறுத்து நம்ம கணக்குல 500, 1,000, 1,200 சதுர அடி பக்கம். தரையப் பாருங்க, நான் உக்காந்தே பாத்தேன். காங்கிரீட் போடாம கல்லுக்குக் கல்லு கோத்து அடுக்கியிருக்காங்க, நடுவுல இடுக்கு விட்டு, மழைத் தண்ணி நேரா மண்ணுக்குள்ள எறங்கும், மண்ணு மூச்சு விடணுமாம். இந்தக் கல்ல பதிச்சதுல குடி வரப்போற ஆளுங்களும் இருந்தாங்க, வேலைக்குத் தினக் கூலி குடுத்து. இது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். நிவாரணம்னு கையேந்த வைக்காம உன் தெருவ நீயே போடு, சம்பளத்த வாங்கிக்கோன்னா அதுல ஒரு மரியாதை இருக்கு. கட்டட வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு, யோசிக்கவே வேணாம். இத்தன வருஷம் கழிச்சும் நான் பாத்த வீட்டு சுவத்துல பெருசா வெடிப்பு இல்ல, இது மாசத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஆடற நாடு.

ஆனா.

எனக்கு வீட்டு முன்பக்கத்தவிட பின்பக்கம்தான் கதை சொல்லுச்சு. முன்னாடி எல்லாம் ஒரே மாதிரி, பின்னாடி போனா ஒவ்வொரு வீட்டுலயும் தகரக் கொட்டகை. ஒரு வீட்டுல வெறகு அடுப்பு, மேல கரி புடிச்ச கெண்டி. இன்னொரு வீட்டுல காட்டுப்பன்னித் தாடை எலும்ப வரிசையா கம்பில கோத்து தொங்க விட்டிருந்தாங்க, புனுன்ங்கற பழங்குடி ஆளுங்க வழக்கம் அது, வேட்டைக்காரன் வீட்டுல அதான் மெடல். கொல்லாமைய சொல்ற மடம் கட்டிக் குடுத்த வீட்டோட பின் சுவத்துல பன்னித் தாடை. சிரிப்பும் வந்துச்சு, என்னமோ ஒரு நிம்மதியும் வந்துச்சு, ஏன்னு சரியா சொல்லத் தெரியல.

என்ன பிரச்சனைன்னா, ட்ஸு ச்சி ஆளுங்களுக்கு தங்களுக்குன்னு கட்டுப்பாடு உண்டு: சிகரெட் இல்ல, குடி இல்ல, பாக்கு இல்ல, முடிஞ்சா சைவம். இங்க வந்தவங்ககிட்டயும் அத எதிர்பாத்தாங்க. வந்தவங்கள்ல முக்காவாசி மலைச் சனம், அதுலயும் நெறையப் பேரு கிறிஸ்தவங்க, வேட்டையும் கம்பு மாதிரி தினைல காய்ச்சின சாராயமும் இல்லாம அவங்களுக்கு திருவிழாவே கெடையாது. அப்ப பேப்பர்லயெல்லாம் பெரிய விவாதம். போதாக்குறைக்கு அரசாங்க ஒப்பந்தம் வேற: வீடு புள்ளைக்குப் போகும் ஆனா விக்க முடியாது, பழைய ஊர்ல திரும்பப் போய் குடியிருக்கக் கூடாது. வயல் மேல, வீடு கீழ. 29ஆம் நம்பர் மலை ரோடு வருஷக் கணக்குல அத்து அத்துப் போய்க்கிட்டே இருந்துச்சு, காட்டுக்குப் போய் வர்றதே ஒரு நாள் பொழப்பு. பிங்துங் பக்கம் ரிநாரின்னு வேற ஒரு தொண்டு நிறுவனம் கட்டின ஊரு இருக்கு, அங்க வீட்ட மரத்துல கட்டி முன்பக்கத்த அவங்கவங்க குல வழக்கப்படி அலங்கரிக்க விட்டாங்க, அதப் பாத்தவங்க இதயும் அதயும் ஒப்பிடாம இருக்க மாட்டாங்க. நானும் ஒப்பிட்டேன். விதிமுறைக்கு என் மார்க் ரெண்டு. ஊருக்குள்ள சர்ச் இருக்கு, அதயும் சொல்லிடறேன், யாரையும் மதம் மாத்துனாங்கன்னு நான் சொல்ல வரல. பள்ளிக்கூடத்து பேர்லகூட முன்ன "தா-ஐ" இருந்துச்சு, பேரன்புன்னு அர்த்தம், இப்ப பானான்ஹுவா பழங்குடிப் பள்ளின்னு மாத்தி மலைப் பாடத்திட்டத்தோட நடத்தறாங்க.

அந்தப் பன்னித் தாடை வீட்டுத் தாத்தா எங்களப் பாத்துட்டு வந்து உக்காரச் சொன்னாரு, பிளாஸ்டிக் ஸ்டூல் ரெண்டு இழுத்துப் போட்டாரு. நாமாஷியால பொறந்தவரு. நான் இந்தியான்ன ஒடனே தெருவ இந்தப் பக்கம் ஒரு பார்வ அந்தப் பக்கம் ஒரு பார்வ பாத்துட்டு சட்டைப் பையிலருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர எடுத்தாரு. உள்ள பச்சப் பாக்கு, முழுசா, வெத்தலைல சுத்தி உள்ள சுண்ணாம்பு தடவினது. "இது உங்க ஊர்ல உண்டா"ன்னு கேக்கறாரு. எங்கிட்ட! அக்கா மொழிபெயர்க்க நான் சொன்னேன், தாத்தா, எங்க ஊர்ல கல்யாணத்துக்குக் கூப்டறதே இத தட்டுல வச்சுதான், வந்தவங்கள வழியனுப்பறதும் இத குடுத்துதான், சாமிக்கும் இதான், நிச்சயம் பண்றதுக்குப் பேரே பாக்கு வெத்தல மாத்தறதுதான். அவரு தொடையத் தட்டிச் சிரிச்சாரு. அவங்க பக்கத்துலயும் கல்யாணப் பேச்சுக்கு பாக்கு குடுக்கற ஊருங்க இருக்குன்னாரு. நியாயமாப் பேசணும்னா வாய்ப் புத்துநோய் இங்க பெரிய பிரச்சனை, அரசாங்கமே பாக்க விடுங்கன்னு கத்திக்கிட்டு இருக்கு, மலைச் சரிவுல பாக்கு மரமா நட்டா மண்ணு புடிக்காதுன்னு புகாரும் உண்டு. அதனால மடம் வேணாம்னு சொன்னதுல காரணமே இல்லன்னு சொல்ல மாட்டேன். தாத்தா சொன்னது இவ்ளோதான்: "அந்த வருஷம் எதுக்கு வேணாலும் சரின்னு தலயாட்டியிருப்போம். நல்ல வீடு. மழை பேஞ்சா தூங்க முடியுது. மேல தூங்க முடியாது. ஆனா பகல்ல இங்க என்ன செய்யறதுன்னு பத்து வருஷமாத் தெரியல."

வேலைக்குன்னு ஏதாவது பண்ணாங்களான்னா, பண்ணாங்க. ஊரு ஒட்டியே யோங்லின் ஆர்கானிக் பண்ணை இருக்கு, அது ஃபாக்ஸ்கான் ஆரம்பிச்ச டெர்ரி கோவோட அறக்கட்டளை நடத்தறது. ஆமா நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான்தான், இங்க வந்தா கீரை வளக்கறாங்க. ஊர்க்காரங்க அங்க வேலைக்குப் போறாங்க. கீரை நல்லா இருந்துச்சு, ஆனா மலைல தன் காட்டுல பீச்சும் பிளம்மும் போட்டவங்கள கூடாரத்துக்குள்ள சம்பளத்துக்குக் கீரை பறிக்கச் சொன்னா எத்தன பேருக்கு ஒத்து வரும்னு எனக்குத் தெரியல.

தவற விடக்கூடாத ஒண்ணு, அதே ஷான்லின்ல கொஞ்சம் தள்ளி இருக்கற "சூரிய ஒளி ஷியாவ்லின்". மலை விழுந்த ஊர்ல தப்பிச்சவங்க ஒரே எடத்துல சேந்து இருக்க முடியாம மூணாப் பிரிஞ்சாங்க, கொஞ்சப் பேரு பழைய ஊருக்குப் பக்கத்துல வுலிபூல, கொஞ்சப் பேரு தா-ஐல, மிச்சவங்க இங்க. இங்க இருக்கறவங்க பழைய பிளம் வச்சு ஒரு கேக் செய்யறாங்க, "லாவ்-மெய்-பிங்", பழம்பிளம் பணியாரம்னு வச்சுக்கங்க. மேல மாவு உதிரும், உள்ள புளிப்பும் இனிப்பும் லேசா உப்பும், நாக்குல பட்ட ஒடனே நம்ம உப்பு நெல்லிக்கா ஞாபகம் வருது. முட்டை, வெண்ணெய் பாக்கறவங்க கேட்டு வாங்கிக்கங்க. ஒரு டப்பா வாங்குனேன், சீஷான் திரும்பறதுக்குள்ள பாதி காலி. அஞ்சுக்கு அஞ்சு, ஆறு போட முடிஞ்சா ஆறு.

போறவங்களுக்கு: வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்து போட்டோ எடுக்காதீங்க. சைனீஸ் தெரிஞ்ச ஆளோட போங்க, இல்லன்னா தெருவ மட்டும் பாத்துட்டு வருவீங்க. மொத்தமா ஊருக்கு எவ்ளோன்னு கேட்டா நாலு போடறேன், அதுல தகரக் கொட்டகைக்கு பாதி.

தாத்தா கிளம்பறப்ப ரெண்டு பாக்க காகிதத்துல மடிச்சு என் கைல வச்சு அனுப்புனாரு. ராத்திரி வீடியோ கால்ல அம்மாகிட்ட காமிச்சேன். கேமராகிட்ட கண்ண வச்சுப் பாத்துட்டு, "சுண்ணாம்பு வச்சே குடுத்துருக்காங்க பாரு"ன்னாங்க. அப்புறம், "நீ என்னடா கொண்டு போன?"

ஒண்ணும் கொண்டு போகலம்மா. கேக்கும் திரும்பற வழிலதான் வாங்குனது.

"வெத்தல பாக்கு குடுத்து அனுப்பற வீட்டுக்கு வெறுங்கையோடயா போய் நின்ன?"